இடையன்குடியில் ஒரு குடித்தனம்: கால்டுவெல் ஐயரும் எலைசா அம்மையாரும்



மெரினாவுக்கு நடக்கப் போகிறவர்கள் அந்தச் சிலையைப் பலமுறை கடந்திருப்பீர்கள். நீண்ட அங்கி அணிந்த ஒரு பாதிரியார். 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிக் கடற்கரையில் வைக்கப்பட்ட சிலைகளில் ஒன்று. பீடத்தில் கால்டுவெல் என்று பெயர் இருக்கும். பள்ளிப் பாடத்தில் படித்த ஒரு வரி நினைவுக்கு வரும்: திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர். அதோடு நாம் சுண்டல் பக்கம் நகர்ந்துவிடுவோம்.

இந்த இதழில் அவருடைய புத்தகத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அவர் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். கடல் கடந்து வந்த ஒருவரும் அவர் மனைவியும் ஒரு சின்ன ஊரில் எப்படிக் குடித்தனம் நடத்தினார்கள், எங்கெல்லாம் போய் வந்தார்கள், அக்கம்பக்கத்தாரோடு எப்படி இருந்தார்கள் என்பதுதான் கதை. நாம் எல்லோரும் எங்கிருந்தோ வந்து ஒரே மதிலுக்குள் குடியிருக்கிறவர்கள். அதனால் இந்தக் கதை நமக்கும் கொஞ்சம் பொருந்தும்.

நடந்தே வந்த மனிதர்

ராபர்ட் கால்டுவெல் 1814 மே 7-ம் தேதி அயர்லாந்தில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். பத்து வயதில் குடும்பம் கிளாஸ்கோ நகருக்குக் குடிபெயர்ந்தது. இளம் வயதில் டப்ளினில் சில ஆண்டுகள் ஓவியம் கற்றார். பின்னாளில் அந்தப் படிப்பு எங்கே உதவியது என்று கேட்டால் வியப்பீர்கள். சற்றுப் பொறுங்கள், அந்த இடத்துக்கு வருகிறேன். பிறகு ஊழியத்துக்குப் போவது என்று முடிவு செய்து, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்தார்.

1838 ஜனவரியில் சென்னையில் கப்பலை விட்டு இறங்கினார். தெலுங்குக்குப் பெரும் தொண்டு செய்த சி.பி. பிரௌனும் அதே கப்பலில்தான் வந்தார். மாதக்கணக்கில் நீண்ட அந்தப் பயணம் இளைஞருக்கு ஒரு மொழி வகுப்பாகவே அமைந்தது. சென்னையில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் தங்கித் தமிழ் படித்தார். 1841-ல் திருநெல்வேலிச் சீமைக்குப் போக வேண்டியிருந்தது. பல்லக்கில் போயிருக்கலாம். அவர் நடந்தார். தஞ்சாவூர், திருச்சி, கோயம்புத்தூர், நீலகிரி, மதுரை என்று சுற்றிக்கொண்டு, மக்களைப் பார்த்துக்கொண்டு, பேச்சுத் தமிழைக் காதில் வாங்கிக்கொண்டு நடந்தார். பரிவாரம் இல்லாமல் புழுதியோடு நடந்து வரும் வெள்ளைக்காரரைச் சந்தேகமாகப் பார்த்து இடம் கொடுக்க மறுத்தவர்களும் உண்டாம். அந்த ஆண்டின் கடைசியில் இடையன்குடி வந்து சேர்ந்தார்.

திசையன்விளைக்குப் பக்கத்தில் உள்ள ஊர் அது. கொஞ்சம் தெற்கே போனால் கடல். சுற்றிலும் தேரி என்று சொல்லும் செம்மணல் காடு, பனைமரம், வெயில். காற்றடித்தால் மணல் இடம் மாறும். ஆறு இல்லை, நெல் வயல் இல்லை. பனையை நம்பியே பிழைப்பு. அப்போது அவருக்கு வயது 27.

நாகர்கோவில் பெண்

1844 மார்ச்சில் நாகர்கோவிலில் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகள் எலைசா மால்ட். அவருடைய பெற்றோர் சார்லஸ் மால்ட்டும் மார்த்தா மால்ட்டும் 1819 முதல் நாகர்கோவிலில் ஊழியம் செய்தவர்கள். தென் திருவிதாங்கூரில் பெண்களுக்குப் பள்ளி நடத்தி, லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தவர் மார்த்தா. நாகர்கோவில் லேஸ் என்ற பெயருக்கு அங்கேதான் தொடக்கம்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கால்டுவெல்லுக்கு இது வெளிநாடு. எலைசாவுக்கு இதுதான் வளர்ந்த மண். அவர் காதில் சிறு வயது முதல் விழுந்தது நாஞ்சில் நாட்டுத் தமிழ். கணவர் தமிழைச் சுவடியிலும் புலவர்களிடமும் கற்றார். மனைவியோ அடுப்படியிலும் கிணற்றடியிலும் கற்றிருந்தார். ஊர்ப் பெண்களோடு அவர்கள் பேச்சிலேயே பேசக் கூடியவர். எந்தச் சொல்லை மக்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று கணவருக்கு எடுத்துச் சொல்ல வீட்டிலேயே ஆள் இருந்தது. ஒப்பிலக்கணத்தின் அட்டையில் ஒரு பெயர்தான் இருக்கிறது. அதை எழுதியவரின் வீட்டில் தமிழை அவரைவிட இயல்பாகப் பேசிய ஒருவர் இருந்தார் என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம்.

தெருவும் கிணறும்

நம் சங்கக் கூட்டங்களில் அதிகம் பேசப்படுவது எது? தண்ணீர், வழி, குப்பை, மரம். இடையன்குடியிலும் அவர்கள் அதிலிருந்துதான் தொடங்கினார்கள். மனம் போன போக்கில் நெருக்கமாகக் கிடந்த குடிசைகளுக்குப் பதிலாக நேரான தெருக்கள் போடப்பட்டன. வீடுகள் வரிசையாக அமைந்தன. கிணறுகள் தோண்டப்பட்டன. மரங்கள் நட்டார்கள். பள்ளிக்கூடம் வந்தது. இன்றும் அந்த ஊருக்குப் போனால் தெருக்களின் ஒழுங்கு கண்ணில் படும். ஓவியம் படித்தவர் கோடு போட்ட ஊர் அல்லவா!

எலைசா அம்மையார் பெண் பிள்ளைகளுக்கு விடுதியோடு கூடிய பள்ளி தொடங்கினார். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலம் அது. தாயிடம் கற்ற லேஸ் பின்னலை இங்கேயும் கொண்டுவந்தார். திண்டு போன்ற ஒரு தலையணை, அதன்மேல் மாதிரிக் காகிதம், குத்தி வைத்த குண்டூசிகள், நூல் சுற்றிய சின்னச் சின்னக் கட்டைகள். கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டால் விரலுக்கடியில் பூவும் கொடியும் விரியும். பனைத்தொழில் ஆண்டில் சில மாதங்கள்தான் கை கொடுக்கும். பின்னல் வேலைக்கு அப்படிப் பருவம் கிடையாது. கையில் சொந்தக் காசு வந்த பெண்ணை வீட்டில் எப்படி மதிப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஒரு நாள் எப்படிப் போகும்?

பனையேற்றுப் பருவத்தில் ஊர் இருட்டோடு எழும். ஒருவர் நாளுக்கு இரண்டு வேளை, ஒவ்வொரு வேளையும் முப்பது நாற்பது மரம் ஏறி இறங்குவார். பெண்கள் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவார்கள். புகையும் பாகு மணமும் ஊரெங்கும் இருக்கும். பங்களாவின் நாளும் அதை ஒட்டியே நகரும். வழிபாடு, பள்ளிக்கூடம், சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் உபதேசியார்களின் கணக்கும் குறையும், மருந்து கேட்டு வருபவர்கள், தாவாவைத் தீர்த்து வைக்கச் சொல்லி வருபவர்கள். பிறகு அக்கம்பக்கத்துக் கிராமங்களுக்குப் பயணம். மணலில் வண்டிச் சக்கரம் புதையும். கால்நடையாகவும் குதிரையிலும் போக வேண்டிய பாதைகள்தான் அதிகம்.

இத்தனைக்கும் நடுவில்தான் அந்தப் பெரிய புத்தகத்துக்கான குறிப்புகள் சேர்ந்தன. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு என்று சொற்களையும் இலக்கணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இவை ஒரே குடும்பம், வடமொழியிலிருந்து கிளைத்தவை அல்ல என்று விரிவாக நிறுவினார். சென்னையில் எல்லிஸ் 1816-லேயே இந்தக் கருத்தைத் தொட்டுக் காட்டியிருந்தார். அதை முழு நூலாகக் கட்டி எழுப்பியவர் கால்டுவெல். 1856-ல் லண்டனில் நூல் வெளிவந்தது. 1875-ல் விரிவான இரண்டாம் பதிப்பு. பெரிய நூலகம் எதுவும் அருகில் இல்லாத மணற்காட்டில் இவ்வளவும் நடந்தது. அதுவும் உடல்நலம் அடிக்கடி படுத்திய மனிதர் அவர்.

வீட்டில் பிள்ளைகள் வேறு. மூத்தவர்களான நமக்குத் தெரியும்: ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும் வீட்டில், எழுதாத இன்னொருவர்தான் வீட்டை ஓட்டிக்கொண்டிருப்பார்.

முப்பத்து மூன்று ஆண்டுக் கட்டடம்

நம் கட்டடம் ஒப்படைக்கப்படுவது ஒன்றரை ஆண்டு தள்ளிப் போனதற்கே நாம் என்ன பாடு படுத்தினோம்! இடையன்குடி தூய திரித்துவ ஆலயத்துக்கு 1847-ல் வேலை தொடங்கியது. முடிந்தது 1880-ல். காரணம் எளிது. பணம் வரும்போது வேலை நடக்கும், தீர்ந்தால் நிற்கும்.

ஐரோப்பியக் கூர்வளைவுப் பாணியில் ஆலயம் வேண்டும். ஊர்க் கொத்தனார்களோ தச்சர்களோ அப்படி ஒன்றைக் கண்டதில்லை. இங்கேதான் டப்ளின் ஓவியப் படிப்பு வந்து நின்றது. ஜன்னலுக்கும் வளைவுக்கும் களிமண்ணில் மாதிரி செய்து, இப்படித்தான் வர வேண்டும் என்று காட்டி வேலை வாங்கினார் என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். வெளியிலிருந்து நிபுணர்களை வரவழைக்காமல் உள்ளூர்க் கைகளுக்குக் கற்றுக்கொடுத்துக் கட்டியது அது. தொடங்கியபோது அவர் 33 வயது இளைஞர். முடிந்தபோது 66 வயது. நடுவில் மாதிரியைப் பார்த்துக் கல் செதுக்கிய எத்தனையோ பேர் முழுக் கட்டடத்தைப் பார்க்காமலே போயிருப்பார்கள்.

போய் வந்த இடங்கள்

அந்தக் காலத்தில் வெளியூர்ப் பயணம் என்றால் பெரும்பாலும் வேலைதான். பாளையங்கோட்டைக்கு அடிக்கடி போக வேண்டும். தமிழ் விவிலியத் திருத்தக் குழுவில் கால்டுவெல்லும் ஓர் உறுப்பினர். ஒரு சொல்லுக்கு எந்தத் தமிழ்ச் சொல் சரி என்று நாள்கணக்கில் வாதாடும் வேலை அது. 1877 மார்ச்சில் கல்கத்தா போய் ஆயர் பட்டம் பெற்றார். பாளையங்கோட்டை சார்ஜென்ட் ஐயருக்கும் அன்றே பட்டம் கிடைத்தது. திரும்பி வந்தபோது மாவட்டம் தாது வருஷப் பஞ்சத்தில் தவித்துக்கொண்டிருந்தது. கஞ்சிக்கும் நிவாரணத்துக்கும் பணம் திரட்டுவதே புதிய ஆயரின் முதல் வேலை ஆயிற்று.

அவர் விரும்பிப் போன பயணம் ஒன்று உண்டு: கொற்கை. பாண்டியர் துறைமுகம், முத்துக் குளித்த இடம் என்று நாம் பாடத்தில் படித்த ஊர். அவர் போனபோது கடல் பின்வாங்கி, அது வயலுக்கு நடுவில் ஒரு சிற்றூராக இருந்தது. கூலியாட்களை வைத்துத் தோண்டிப் பார்த்தார். தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டல், அதற்கடியில் சங்கும் சிப்பியும். கடல் இருந்த இடம் என்பதற்கு மண்ணே சாட்சி. பக்கத்தில் பழைய காயலுக்கும் போனார். மார்க்கோ போலோ எழுதிய காயல் துறைமுகம் இதுதான் என்று எடுத்துக்காட்டினார். அங்கே மண்ணில் சிதறிக் கிடந்த சீன, அரேபியப் பானை ஓடுகளைக் குனிந்து பொறுக்கிச் சேர்த்தார். அறுபதைத் தாண்டிய ஆயர் ஒருவர் வெயிலில் ஓட்டாஞ்சில்லு பொறுக்குவதைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். இப்படிப் போய்ப் பார்த்ததும் பழைய ஆவணங்களில் தேடியதும் சேர்ந்து 1881-ல் திருநெல்வேலி மாவட்ட வரலாறாக வெளிவந்தன.

அக்கம்பக்கத்தாரின் கோபம்

இதுவரை சொன்னதைக் கேட்டு எல்லாமே இனிமை என்று நினைத்துவிடாதீர்கள். இதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான்.

இடையன்குடிக்கு வந்து எட்டு ஆண்டு ஆனபோது, 1849-ல், தம் சபை மக்களில் பெரும்பாலோரான பனைத்தொழில் சமூகத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். வெளிநாட்டில் நன்கொடை தருபவர்கள் படிப்பதற்காக எழுதியது. அவர்களுடைய அறிவைக் குறைத்துச் சொன்னார். அவர்கள் இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்றார். அவர்களுடைய வழிபாட்டைப் பேய் வழிபாடு என்று எழுதினார். ஊர்க்காரர்கள் ஆங்கிலம் படிக்க மாட்டார்கள் என்று நினைத்தாரோ என்னவோ.

ஆனால் படித்தார்கள். அந்த மிஷன்களே நடத்திய பள்ளிகள்தான் அவர்களைப் படிக்க வைத்தன. படித்தவர்களுக்குக் கொதித்தது. சட்டம்பிள்ளை என்று அழைக்கப்பட்ட அருமைநாயகம் 1857-ல் வெள்ளைக்கார மிஷன்களைச் சாராத தனிச் சபையையே தொடங்கினார். அந்தக் கோபத்துக்கு இந்த நூலும் ஒரு காரணம். முப்பது ஆண்டு கழித்து, 1880-களில், அந்த நூலை எதிர்த்து மறுபடியும் கண்டனங்களும் மனுக்களும் எழுந்தன. ஆலயம் கட்டி முடித்து ஓய்ந்த கிழவரின் வாசலுக்கு, இளமையில் எழுதிய பக்கங்கள் திரும்பி வந்து நின்றன.

மொழியை இவ்வளவு நுட்பமாகக் கேட்ட காது, பேசிய மனிதர்களை அளக்கும்போது தவறியது. பக்கத்திலேயே வாழ்வதால் மட்டும் ஒருவரை நமக்குத் தெரிந்துவிடாது. பத்து ஆண்டாகப் பார்க்கும் எதிர்வீட்டுக்காரரைப் பற்றி நம் குழு அரட்டையில் நாம் தட்டும் ஒரு வரியையும் இதோடு சேர்த்து நினைத்துக்கொள்ளலாம். நாம் எழுதியதை அவர்களும் படிப்பார்கள்.

இதற்கு அந்த ஊர் என்ன செய்தது என்பதுதான் எனக்கு வியப்பு. கோபித்தவர்கள் கோபித்தார்கள், அது நியாயமும்கூட. ஆனாலும் கிணற்றில் தண்ணீர் இறைத்தார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள், ஆலயத்தைத் தங்களுடையது என்று காத்தார்கள். எழுதியவரின் தவறையும் மறக்கவில்லை, செய்தவரின் உழைப்பையும் மறக்கவில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ளும் பக்குவம் அது.

மலையில் முதுமை

வயதான பிறகு தம்பதியருக்கு வெயில் தாங்கவில்லை. கோடைக்குக் கோடைக்கானல் துணை நின்றது. இன்று நாம் காரில் போய் இறங்குகிறோம். அன்று மலைக்கு மோட்டார் சாலை கிடையாது. பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து ஒற்றையடி மலைப்பாதை. முடிந்தவர்கள் நடப்பார்கள் அல்லது குதிரையில் போவார்கள், முடியாதவர்களை நாற்காலியில் அல்லது டோலியில் வைத்து ஆட்கள் தூக்கிச் செல்வார்கள். மேலே போனால் 1863-ல் உருவாக்கிய ஏரி, 1872-ல் போட்ட கோக்கர்ஸ் வாக், குளிர், மேகம். தேரிக்காட்டில் நாற்பது கோடை கண்டவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

1880-களில் தூத்துக்குடிக்குக் குடி மாறி, அங்கே கல்விப் பணியைக் கவனித்தார். அவர் பெயர் தாங்கிய பள்ளி தூத்துக்குடியில் இன்றும் நடக்கிறது. 1891 ஜனவரி இறுதியில் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். வயது 76. ஓய்வு பெற்ற பாதிரியார்கள் பலர் கப்பல் ஏறித் தாய்நாடு போய்விடுவார்கள். இவர்கள் போகவில்லை. கோடைக்கானலுக்குப் போனார்கள். ஓய்வுக்காலம் ஏழு மாதம்கூட நீளவில்லை. ஆகஸ்ட் 28-ம் தேதி அங்கேயே காலமானார்.

உடலை மலையிலேயே அடக்கம் செய்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. மலையிலிருந்து இறக்கி, அவ்வளவு தூரம் தெற்கே கொண்டுவந்து, முப்பத்து மூன்று ஆண்டு கட்டிய அந்த ஆலயத்திலேயே, பலிபீடத்துக்கு அடியில் அடக்கம் செய்தார்கள். எலைசா அம்மையார் இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்து 1899-ல் மறைந்தார். அவரும் இடையன்குடியிலேயே துயில்கிறார். 47 ஆண்டு மணவாழ்க்கை நடத்தியவர்களுக்குக் கடைசி முகவரியும் ஒன்றாகவே அமைந்தது.

நீங்கள் போனால்

திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் விடுமுறைக்குப் போகிறவர்கள் அரை நாள் ஒதுக்குங்கள். கால்டுவெல் வாழ்ந்த வீடு இப்போது தமிழக அரசின் நினைவு இல்லம். ஆலயம் எதிர்பார்ப்பதைவிடப் பெரியது. வளைவுகளை அண்ணாந்து பாருங்கள், களிமண் மாதிரி நினைவுக்கு வரும். பிறகு வெளியே வந்து தெருக்களில் கொஞ்சம் நடங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் பக்கத்தில் செம்மணல் தேரியையும் காட்டுங்கள், அவர்களுக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். பருவமாக இருந்தால் பதநீர் கிடைக்கும். வரும்போது நல்ல கருப்பட்டி வாங்கி வாருங்கள், எதிர்வீட்டுக்கும் கொஞ்சம் கொடுங்கள்.

அடுத்த முறை மெரினாவில் அந்தச் சிலையைக் கடக்கும்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். பக்கத்தில் இன்னொரு சிலைக்கு இடம் இருந்திருக்கலாம். கையில் லேஸ் கட்டைகளோடு, நாஞ்சில் தமிழ் பேசிய ஓர் அம்மாவுக்கு.

அடுத்த காலாண்டு இதழில் சந்திப்போம்.